கல்படியில் இறங்கி நடந்த யோகேஸ்

யோகேஸ்வரி போய்விட்டாள்.

காலையில் அவள் மகள்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "ஆன்ட்டி, அம்மா தவறிட்டாங்க." அவ்வளவுதான். கொஞ்ச நாளாகவே கிட்னி பிரச்சினை... தெரியும். இருந்தாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

இங்கே இதைப் படிக்கும் பலருக்கு அவளைத் தெரியாது. தொண்ணூறுகளில் பாயான் பாரு பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரே வயது, ஒரே ஷிஃப்ட், ஒரே ஃபேக்டரி பஸ்.

மௌண்டன் பைக் என்ற மலைச் சைக்கிள் மோகம் அப்போதுதான் பினாங்குக்கு வந்திருந்தது. எங்கள் செக்‌ஷனில் இரண்டு பையன்கள் வாங்கி, ஞாயிறு காலையில் மலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கேன்டீனில் யோகேஸ் அவர்களிடம் போய், "நாங்களும் வரலாமா?" என்று கேட்டாள்.

"நாங்களும்" என்றால் நானும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ஆளுக்கொரு ஹார்ட்டெயில் வாங்கினோம். முன்னால் மட்டும் ஸ்பிரிங், பின்னால் ஒன்றும் கிடையாது. வேர் மேல் ஏறினால் முதுகெலும்பு வரைக்கும் தெரியும்.

டுரியான் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் பாதை அது. சேறு, வேர், உருண்டைக் கல். ஓரிடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறை, அதிலிருந்து இறங்கியவுடன் வலப்பக்கம் வளைவு, இடப்பக்கம் பள்ளம். நாங்கள் கல்படி என்று பேர் வைத்திருந்தோம்.

பையன்கள் அதில் ஓட்டுவார்கள், பாதி நேரம் விழுவார்கள். நானும் கண்ணை மூடாத குறையாக ஓட்டிவிடுவேன். யோகேஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் இறங்கி, பைக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள்.

"பயமா யோகேஸ்?" என்று ஒருத்தன் சீண்டினான்.

"ஆமா லா, பயமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆனால் வேலை முடிந்து வந்தால் அவள் ஃபிளாட் கார் பார்க்கில்தான் இருப்பாள். செங்கல்மேல் பலகை போட்டு, அதிலிருந்து பைக்கோடு இறங்குவாள். பெடல் இரண்டும் மட்டமாக, இடுப்பு பின்னால், பிரேக்கில் ஒரே ஒரு விரல். சில நேரம் உருளாமல் பெடல் மேல் அப்படியே நின்று பழகுவாள். கீழ்வீட்டு சீனக் கிழவி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஜாத்தோ! ஜாத்தோ!" என்று விழச் சொல்லிக் கத்துவாள்.

ஒருநாள் என்னையும் ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். "நமக்குப் பின்னால ஸ்பிரிங் இல்லடி. முட்டியும் இடுப்பும்தான் ஸ்பிரிங். நீ அரிசி மூட்ட மாதிரி உக்காந்திருக்க."

அப்புறம் அந்த ஞாயிறு... பையன்கள் ஓவர்டைம் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நாள் மழை.

நான் முன்னால் போனேன். கல்படியில் முன் டயர் வழுக்கியது. பள்ளத்தில் கிடந்தேன், கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

யோகேஸ் பைக்கை மேலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். கத்தவில்லை. கிளை ஒன்றை ஒடித்து என் காலோடு சேர்த்து ஜாக்கெட்டால் கட்டினாள். கைப்பேசி இல்லாத காலம். தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்தாள்.

"கீழ போய் ஆளக் கூட்டிட்டு வரேன். அசையாத. வலியக் கொஞ்சம் தாஹான் பண்ணிக்கடி, பொறுத்துக்க."

மேலே ஏறி, பைக்கை எடுத்தாள். கல்படிக்கு வந்தாள். தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலாக ஊன்றி, மெதுவாக நடந்து இறங்கினாள்...

எனக்கு வலியில் கோபம் தலைக்கேறியது. "ஏறி ஓட்டு லா! சீக்கிரம் போ!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாறையைத் தாண்டியதும் ஏறினாள். அதற்குப் பிறகு போன வேகம்... அவள் அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. பெடல் மேல் நின்றபடியே வேர்களையெல்லாம் தாண்டிப் போய் மரங்களுக்குள் மறைந்துவிட்டாள்.

டுரியான் தோட்டத்து மலாய்க்காரர் ஒருவரையும் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு சிமெண்டுப் பாதை வரைக்கும் இறக்கினார்கள். அங்கிருந்து வேனில் ஆஸ்பத்திரி.

காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். பார்க்க வந்தவளிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்காவது ஓட்டியிருக்கலாம் இல்ல?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள். "நானும் விழுந்திருந்தா? நாம ரெண்டு பேரும் அங்க கிடக்கிறது யாருக்குடி தெரியும்?"

நான் ஆரஞ்சைத் தின்றேன்.

அடுத்த வருஷம் கம்பு ஊன்றிக்கொண்டு கல்படி வரைக்கும் நடந்து போனேன், சும்மா வேடிக்கை பார்க்க. யோகேஸ் மேலே நின்று பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் போனாள். ஓட்டிக்கொண்டு வந்து, பைக்கோடு பாறையில் இறங்கிவிட்டாள். பின் சக்கரம் 'டக்'கென்று விழுந்தது, வளைவில் திரும்பினாள், முடிந்தது.

பையன்கள் கூச்சல் போட்டார்கள். நான் கம்பைத் தூக்கி ஆட்டினேன்.

அவள் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தாள். "பின்னால காத்து கம்மியா இருக்கு லா."

பிறகு கல்யாணமாகி சுங்கை பாக்காப் ஊருக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு போன் பேசுவோம். பிள்ளைகள், சம்பளம், சுகர், பிரஷர்... பைக்கைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

மதியம் மகளுக்கு போன் செய்தேன். நாளைக் காலையில் எடுக்கிறார்களாம். பழைய ஃபேக்டரி ஆட்கள் யாராவது இதைப் படித்தால் வாருங்கள்.

வைக்கப் போகும்போது அந்தப் பெண் சொன்னாள். "அம்மா உங்களப் பத்தி அடிக்கடி சொல்வாங்க ஆன்ட்டி. மலையில அவளத் தனியா விட்டுட்டு வந்துட்டேனே, எவ்ளோ பயந்திருப்பாளோன்னு."

இத்தனை வருஷத்தில் என்னிடம் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பயப்படவில்லை யோகேஸ். உன் பைக் செயின் ஃபிரேமில் அடித்துக்கொண்டே போகும் சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேட்டது. அது நின்றதும், நீ கீழே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

போய் வாடி.