பாக்கி பத்துப் படம்

எங்கள் மாமா போட்டோ எடுக்கிறவர் என்று யாராவது சொன்னால் அம்மா உடனே திருத்துவாள்: "எடுக்கிறவன் இல்ல, எண்ணுறவன்." அது உண்மைதான். மாமாவிடம் ஒரு காமிரா இருந்தது. அதற்குள் எப்போதும் ஒரு ரோல் இருந்தது. அந்த ரோலில் இன்னும் எத்தனை படம் பாக்கி என்பதை, தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டில் அரிசி எவ்வளவு பாக்கி என்று கேட்டால்தான் விழிப்பார்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஓசூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு முதலில் வந்தவர் அப்பா. அவருக்குப் பின்னால் அம்மாவின் தம்பி வந்தார். அவர்தான் மாமா. அவருக்குப் பின்னால் அம்மாவின் தங்கை, என் சித்தி, வந்தாள். "ஓசூருக்கு ஒரு டிக்கெட் எடுத்தா மூணு பேர் இறங்குவாங்க" என்று எங்கள் லைனில் ஒரு பேச்சு உண்டு. மாமா லேத்தில் நின்றார். சித்தி, ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சிக்காரி. பொடிப் பொடிக் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டும் வேலை. நான் மூன்றாம் வகுப்பு.

அந்தக் காமிராவை மாமா பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஒற்றைச் செருப்புகளுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவில் கண்டெடுத்தார். அவரைவிட வயதில் மூத்தது. செங்கல் கனம். அதன் சன்னல் வழியே பார்த்தால் எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார். முன்னால் இருக்கும் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒருவருக்குள் ஒருவர் புகுந்து ஒரே ஆள் ஆவார்கள். அப்போது அமுக்க வேண்டும். "ரெண்டு சித்தி ஒரு சித்தி ஆனதும் மூச்சை அடக்கு" என்று எனக்கும் மாமா பழக்கியிருந்தார். ரோல் இல்லாதபோது மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போவார். ஸ்டுடியோக்காரர் ஒரு பாய். மறுநாள் எடுக்கப்போகும் படத்துக்கு எந்த ரோல் என்று இருவரும் அரை மணி நேரம் பேசுவார்கள். மஞ்சள் டப்பாவா, பச்சை டப்பாவா? நூறா, இருநூறா, நானூறா? சின்ன எண் ரோலுக்கு நல்ல வெயில் வேண்டும், ஆனால் படம் வழவழவென்று வரும். பெரிய எண் ரோல் மூட்டத்திலும் எடுக்கும், ஆனால் ரவை தூவியதுபோல இருக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனாலும் பாய் ஒவ்வொரு முறையும் டப்பாவைக் கொடுக்கும் முன்னால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். "ரோல் வாங்குறவன் டப்பாவைப் பாக்கக் கூடாது தம்பி, நாளைக்கு வர்ற வெளிச்சத்தைப் பாக்கணும்" என்பார். டப்பாவுக்குள் ஒரு தாள் இருக்கும். அதில் சூரியன், மேகத்துக்குள் பாதிச் சூரியன், வெறும் மேகம் என்று தேர்தல் சின்னம் மாதிரி படம் போட்டு, எதற்கு எந்த எண் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். மாமா அதைப் பஞ்சாங்கம்போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். காலி ரோல் குப்பி எனக்கு. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வைத்து, மாங்காய்க் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ராணியாக இருப்பேன்.

இப்படி இருக்கையில், ஒரு ஆடி மாதத் தொடக்கத்தில் தாத்தாவிடமிருந்து கார்டு வந்தது. சித்திக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊரிலேயே சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஆடியில் பேச்செடுக்க வேண்டாம், ஆவணி பிறந்ததும் பெண்ணின் போட்டோ அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிடித்துப்போனால் ஆவணி கடைசி முகூர்த்தத்திலேயே முடித்துவிடலாம். அதை விட்டால் புரட்டாசியில் கல்யாணம் இல்லை, ஐப்பசிதான். அதுவரைக்கும் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அம்மா அந்தக் கார்டை மூன்று தடவை சத்தம் போட்டுப் படித்தாள். சித்தி, "ஐப்பசியில எனக்கு ஆர்டர் வந்துரும்க்கா. பர்மனென்ட் ஆயிட்டா பெறகு..." என்று ஆரம்பித்தாள்.

"ஆர்டரைத் தாலியில கோத்துக் கழுத்துல போட்டுக்கப் போறியாக்கும்?" என்றாள் அம்மா. சித்தி சோற்றுப் பானையைத் துழாவப் போய்விட்டாள். பேச்சு போட்டோவுக்குத் திரும்பியது.

அம்மாவுக்கு ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும். சித்தி நல்ல கறுப்பு. கலரில் எடுத்தால் உள்ள நிறம் உள்ளபடி தெரிந்துவிடும் என்ற பயம். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எந்தங்கச்சி நிறத்துக்கு என்ன குறை? கலர்லதான் எடுப்பேன். வீட்டுல காமிரா வச்சுக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போவாங்களா?"

"வீட்டுல அரிவாள்மனை இருக்குன்னு முடிய நாமளே வெட்டிக்கிறோமாடா?" என்று அம்மா கேட்டாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரித்தது பேப்பர் ஆடியதில் தெரிந்தது.

பாய் கடையிலும் அன்று வாக்குவாதம்தான். ஆடிக் காற்றில் ஓசூர் வானம் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, நானூறு எண் எடுத்துக்கொள் என்றார் பாய். மாமா நூறுதான் வேண்டும் என்றார். முகம் வழவழவென்று வர வேண்டுமே. பன்னிரண்டு படம் உள்ள ரோல் போதும் என்றார் பாய். மாமா முப்பத்தாறு கேட்டார். பாய் டப்பாவைக் கையில் வைத்தபடி, "ஒருத்தரை விருந்துக்குக் கூப்பிட்டுட்டு அண்டா நெறைய வடிக்கிறீங்க தம்பி. மிச்சம் ஆகுமே!" என்றார். அந்த மனிதர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். மிச்சம்தான் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். ஓசூரில் தூறல், மலைச்சரிவு இறங்கியதும் பொரிகிற வெயில். நூறு எண் ரோலுக்கு அல்வா மாதிரி வெயில் என்று மாமா குதித்தார். சித்தி கத்திரிப்பூ நிறப் புடவையில் செடிக்குப் பக்கத்தில், மதகுக்குப் பக்கத்தில், புல்லில் என்று எட்டு விதமாக நின்றாள். எட்டிலும் பரீட்சை எழுதுகிறவள் முகம். மீதியில் நாங்கள், தண்ணீர், பூ, ஒரு கொக்கு. பொழுது சாய்வதற்குள் இருபத்தாறு ஆகிவிட்டது. மாமா தோல் உறையின் பொத்தானை மாட்டினார். பாக்கி பத்து.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சித்தியின் போட்டோ எடுத்தாயிற்று, காமிராவுக்குள் இருக்கிறது, ஆனால் ரோல் முடியாமல் அதை வெளியே எடுக்க மாட்டார்கள். எங்கள் மாமா மட்டுமில்லை, அந்தக் காலத்தில் காமிரா வைத்திருந்த யாரும் அப்படித்தான். "பாதி வெந்த சோத்தை இறக்குவாங்களாக்கா?" என்பார் மாமா. பாக்கிப் பத்தையும் சும்மா அமுக்கித் தள்ளவும் அவருக்கு மனசு வராது. வாராவாரம் நல்லதாக நான்கைந்து எடுத்து முடித்துவிடலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு காமிராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, இந்த மூட்டத்துலயா? இது நூறு நம்பர் ரோலாச்சே, தாங்குமா?"

மாமா அசந்துபோனார். தாளை எடுத்து மேகச் சின்னத்தைப் பார்த்தார். "பாத்தியாக்கா? இந்த வீட்டுல அவ ஒருத்திக்குத்தான் வெளிச்சம் தெரியுது" என்று உறைக்குள் திரும்பப் போட்டார். அதற்கடுத்த வாரம் வெயில் இருந்தது. "உச்சி வெயில்ல எடுத்தா கண்ணுக்குக் கீழ கரி பூசின மாதிரி வரும்ணே, பாய் சொன்னாரே" என்றாள். வெயில் தாழட்டும் என்று காத்திருந்தோம். தாழ்ந்தது, மழை வந்தது. சித்திக்குக் காமிராமேல் இவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். கல்யாணம் ஆனால் அவளுக்கும் ஒரு காமிரா வாங்கித் தரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்துவிட்டது. போட்டோ பிறக்கவில்லை. லைனில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கார கன்னடத்து அம்மாள் தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம், "போட்டோ பந்தா?" என்பாள். வந்ததா என்று அர்த்தம். தாத்தாவிடமிருந்து இரண்டாவது கார்டு வந்தது. ஆவணி பத்துக்குள் போட்டோ வராவிட்டால் இந்த முகூர்த்தத்தில் முடியாது, அவர்கள் வேறு பெண் பார்த்துவிடுவார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழுதாள். "உன் ரோல் முடியறதுக்குள்ள இவ தலை நரைச்சுரும்டா!" சித்தி தலையைக் குனிந்துகொண்டு சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பாவம், மாப்பிள்ளை போய்விடுவாரே என்ற கவலை அவளுக்கு என்று எனக்குத் தோன்றியது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. மாமாவுக்குக் காலை ஷிப்ட். அம்மா குழாயடியில். டிரங்குப் பெட்டியிலிருந்து காமிராவை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு சித்தியின் பின்னாலேயே போனேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசியபடி, யாரோ ஒரு சூப்பர்வைசரைப்போல நடந்து காட்டினாள் ஒருத்தி. சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெட்டிக்கடை மறைவிலிருந்து வளையத்தைத் திருப்பினேன். இரண்டு சித்தி ஒரு சித்தி ஆனாள். மூச்சை அடக்கினேன்.

பாக்கி ஒன்பதை எடுக்க அரை மணி நேரம் ஆகவில்லை. பஸ்ஸின் பின்பக்கம், பெட்டிக்கடைப் பழத்தார், குழாயடிக் குடங்கள், கன்னடத்து அம்மாளின் கன்றுக்குட்டி, அம்மாவின் முதுகு, என் கால். கடைசியில், ரோலைத் தள்ளும் லீவர் நகர மறுத்தது.

மத்தியானம் வந்த மாமா காமிராவில் எண்ணைப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்போலத் தரையில் உட்கார்ந்தார். பிறகு என்னை அடிக்க எழுந்தார். அம்மா குறுக்கே வந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். "இந்த வீட்டுல வேலைய முடிக்கத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான்டா" என்று என் நெற்றியில் திருஷ்டி கழித்தாள். ரோல் அன்றைக்கே பாய் கடைக்குப் போய், அங்கிருந்து பெங்களூர் போய், புதன்கிழமை படமாக வந்தது. மதகுக்குப் பக்கத்தில் நிற்கும் சித்தி வியாழக்கிழமை தபாலில் போனாள். ஒரே வாரத்தில் பிடித்திருக்கிறது என்று தந்தி. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். சித்தப்பா தங்கமான மனிதர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் எடுத்த பத்தில் எட்டு, தலையில்லாமலும் கலங்கியும் இருந்தன. கம்பெனி பஸ் நிறுத்தத்தில் எடுத்ததை மட்டும் சித்தி யாரையும் கேட்காமல் எடுத்துத் தன் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் எடுத்த படம் என்பதால்தான் அவ்வளவு பிரியம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நல்ல செய்தியை நானே முதலில் சொல்ல வேண்டும் என்று கம்பெனி பஸ் வரும் இடத்துக்கு ஓடியிருந்தேன். சித்தி இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோல் முடிஞ்சிருச்சு சித்தி! நானே முடிச்சிட்டேன்!" என்றேன்.

சித்தி நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். "எத்தனை எடுத்த?"

"பத்தும்."

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல. லீவர் நகரவே மாட்டேங்குது."

அவள் பக்கத்தில் இருந்த வாய்க்கால் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தாள். கண் நிறைந்து நின்றது. மாமாவைப்போல இவளும் படம் வீணாய்ப் போனதற்குத்தான் வருத்தப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்தேன். "அழாத சித்தி. நான் பெரியவளாகி வேலைக்குப் போயி உனக்குப் புது ரோல் வாங்கித் தரேன். முப்பத்தாறு உள்ளது. ரெண்டு."

சித்தி என்னை இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டாள். கோட்டில் ஈயப் புகை வாசனை. "வாங்கிக் குடுடி தங்கம். மூணா வாங்கிக் குடு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஆவணி எத்தனை?" என்று கேட்டாள்.

தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பது என் வேலை. எனக்கா தெரியாது? "மூணு" என்றேன் பட்டென்று.

"மூணுதானா?" என்றாள் சித்தி.

"மூணேதான். நான்தானே கிழிச்சேன்!"

கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்ட பெருமையில், வீடு வரைக்கும் அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வந்தேன்.