எதிர்வீட்டு மாசாய்க்காரி

விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிடும் உறைமழையில் மரக்கிளைகள் முறிந்து கம்பிகளின் மேல் விழுந்ததில் தெருவில் எங்கள் சாரி வீடுகளுக்கெல்லாம் மின்சாரம் போய்விட்டது. பிரெஞ்சு பேசும் வில்லரே பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஹீட்டரும் மின்சாரத்தில்தான் ஓடும். மாலைக்குள் வீடு ஐஸ்பெட்டியாகிவிட்டது. குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நுரையீரலுக்குப் பலம் போதாது, சளி மட்டும் பிடிக்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எதிர்ச்சாரியில் விளக்கு எரிந்தது. அங்கிருந்து ஒரு பெண் வழுக்கி வழுக்கி வந்து கதவைத் தட்டினாள். கென்யாவிலிருந்து வந்த மாசாய் இனக் குடும்பம். கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர். தெருமுனைக் கடையில் பால் வாங்கும்போது 'போன்ஜூர்' என்று ஒரு வணக்கம், அதற்கு மேல் பழக்கமில்லை. குழந்தையோடு இங்கே இருக்கக் கூடாது, கிளம்பு என்றாள். அதில் உபசாரமெல்லாம் இல்லை, உத்தரவுதான்.

கணவரும் நானும் குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனோம். அவள் வீட்டுக் கதகதப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பால் தூக்கலாக ஒரு டீ கொடுத்தாள். போர்வையை விலக்கிக் குழந்தையைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, "ரொம்ப மோசமான குழந்தை" என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு அதன் நெற்றியில் லேசாகத் துப்பினாள்.

என் கணவர் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். "என்ன பண்றா இவ? கிளம்பு, நம்ம வீட்டுக்கே போயிடலாம்."

தமிழ் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் புரியும். அவள் முகம் செத்துவிட்டது. பச்சைக் குழந்தையை நாங்கள் புகழ மாட்டோம், புகழ்ந்தால் அதற்கு ஆகாது, துப்புவது ஆசீர்வாதம் என்று அவள் கணவர் பொறுமையாக விளக்கினார்.

எனக்கும் பயம்தான். அவள் மேலும் கோபம், இவர் மேலும் கோபம். "போறதுன்னா நீங்க போங்க. இவளை அந்தக் குளிருக்குக் கொண்டுபோக விடமாட்டேன்" என்றேன். குழந்தையை வாங்கி நெற்றியைத் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் தங்கள் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் கூடத்தில் படுத்தார்கள்.

காலையில் மின்சாரம் வந்தது, நன்றி சொல்லிவிட்டு வீடு திரும்பினோம். அந்த வாரமே குழந்தைக்கு இருமல், காய்ச்சல். துப்பிய கதையைக் கணவர் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். யாரிடமிருந்தும் தொற்றியிருக்கலாம், உங்களுக்கே மூக்கு ஒழுகுகிறதே என்றார் டாக்டர். அது இவர் காதில் ஏறவில்லை.

"அவ கண்ணே சரியில்ல. சுத்திப் போடு" என்றார் வீட்டுக்கு வந்ததும். திருஷ்டியெல்லாம் சுத்தப் பேத்தல் என்று என் அம்மாவோடு மல்லுக்கு நின்ற சாஃப்ட்வேர் மூளை.

கல் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக் குழந்தையைச் சுற்றினேன். அதற்குத் துப்பத் தெரியாதே. அதற்காக அப்பா துப்பட்டும் என்று கையை அவரிடம் நீட்டினேன். தூ, தூ, தூ என்று சிரத்தையாகத் துப்பினார்.

"அவளும் இதைத்தானே செஞ்சா?" என்றேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நெடி அந்த நுரையீரலுக்கு ஆகாது என்பதால் மிளகாயை எரிக்கவில்லை. குப்பையில் போட வெளியே வந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். கைகளைத் தொட்டில் போல ஆட்டி, குழந்தை எப்படியிருக்கிறது என்று சாடையில் கேட்டாள். உள்ளே மகள் இருமிக்கொண்டிருந்தாள். நான் மிளகாய்க் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.