மதிலுக்கு வெளியே என் தங்கை

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். மாதா கோயிலைப் பழித்த பாவம் வருமோ என்று பயம். போன ஞாயிறு பேரனுக்கு ஞானஸ்நானம். அவன் தலையில் ஊற்றிய தண்ணீர் தொட்டியில் விழுந்த சத்தம் என்னை அறுபதுகளின் செஞ்சிக்கு இழுத்துப் போய்விட்டது.

பிறந்த மறுநாளே தங்கைக்கு மூச்சு இழுத்தது. பங்குச் சாமியார் அனந்தபுரம் போயிருந்தார். எங்கள் நைனா சொம்புத் தண்ணீரோடு, சாமியார் இல்லாதபோது கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் ஓடினார்.

"நானே ஊத்தட்டுங்களா?"

"நீ இன்னா சாமியாரா? அவரு வர்ற வரைக்கும் இரு."

சாமியார் வருமுன் பிள்ளை போய்விட்டது. "ஞானஸ்நானம் வாங்காத புள்ளைக்கு மந்திரிச்ச மண்ணு கெடையாது" என்று உபதேசியார், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, பாறை ஓரத்தில் புதைக்க வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, முதன்முதலாக நற்கருணை வாங்கத் தயார் செய்யும் புதுநன்மை வகுப்பில் அதே மனிதர் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்: சாவு ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

நான் எழுந்து நின்றேன். "அப்ப எங்க நைனாவ ஏன் தடுத்தீங்க?"

பதிலுக்குப் பிரம்படி கிடைத்தது.

இன்று அவர் மதிலுக்கு உள்ளே சிலுவை நட்டுப் படுத்திருக்கிறார். நான் தினமும் ஜெபம் சொல்கிறேன். "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். ஏன் என்று ஆண்டவர் கேட்கட்டும், அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இதை அடுத்தவருக்குச் சொல்கிறவர்கள் ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த ஆளை நல்லவராக்கிவிடாதீர்கள்.