பாபு அண்ணன் இடிக்க மறுத்த கரை

பாபு அண்ணன் இறந்துட்டார்.

காலைல ஆபீஸ் பஸ்ல இருக்கும்போது போன் வந்துச்சு. வானகரத்துல கால்வாய் வேலையாம். ஜேசிபியை ஆஃப் பண்ணிட்டு கீழ இறங்கினவர் அப்படியே உட்கார்ந்துட்டாராம்... ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நாற்பத்தி நாலு வயசு.

வெள்ளானூர் குழி போட்டோ போட்டா ஹார்ட் போடுவீங்களே, அது எதுலயும் அவர் இருக்க மாட்டார். எப்பவும் வண்டிக்குள்ள இருப்பார்.

அது மனைங்களை நிரப்ப சவுடு மண் எடுத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போன குவாரி. எங்க ஃப்ளாட்டுக்குப் பின்னாடி, நாலு பக்கமும் செங்குத்தா கரை. உள்ள கருவேல முள்ளும் குப்பையும்தான்.

பஞ்சாயத்துல கேட்டுட்டு ஃப்ளாட் ஆளுங்க நாங்களே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை செடி வைக்க ஆரம்பிச்சோம். முதல் வருஷம் வச்சது ஒண்ணுகூட பிழைக்கல. மழைக்குக் கரை சரிஞ்சு செடியோட போச்சு.

கருவேலத்தை வேரோட எடுக்க ஒரு ஜேசிபி வாடகைக்குக் கூப்பிட்டோம். அதை ஓட்டிட்டு வந்தவர்தான் பாபு அண்ணன். மண்ணூர்பேட்டைக்காரர்.

இறங்கி ரொம்ப நேரம் குழியையே பாத்துட்டு நின்னார்.

"மேடம், இத்த நோண்டுனதே நான்தான்."

நான் திரும்பி அவரைப் பாத்தேன்.

"மேல் மண்ண மொத்தமா வழிச்சு லாரில ஏத்திட்டோம். இப்ப கீறது செத்த மண்ணு. இன்னாத்த நட்டாலும் நிக்காது. மொதல்ல கரைய சரிச்சு உடணும், அப்பால ஏரி வண்டல் கொட்டணும். நான் பண்ணித் தரேன்."

பண்ணித் தந்தார். ஓனர்கிட்ட கெஞ்சி, லீவு நாள்ல வண்டி எடுத்துட்டு வந்து, கரையைப் படிப்படியா சரிச்சுக் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் நொச்சி நின்னுச்சு, ஆவாரை பூத்துச்சு. குழி அடியில தேங்குற தண்ணி ஓரம் நட்ட மருதம் இப்ப என்னை விட உயரம்.

கடைசியா கிழக்குக் கரை மட்டும் பாக்கி. ஜேசிபி பக்கெட்டைத் தூக்கினவர் திடீர்னு வண்டியை நிறுத்திட்டார்.

"மேடம், செவுத்துல பொந்து பொந்தா கீது பாருங்க. உள்ளேர்ந்து பச்சையா ஒண்ணு பறந்துச்சு."

பஞ்சுருட்டான். மண் செவுத்துல வளை தோண்டி முட்டை வைக்கிற குருவி. நாங்க யாருமே அதைக் கவனிச்சிருக்கல.

"பரவால்லண்ணே, அது வேற இடம் பாத்துக்கும். கரை சரிஞ்சு யாராவது விழுந்தா ஆபத்து"ன்னு சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன்.

"உள்ள குஞ்சு இருந்தா? அது ஊட்ட நான் இடிக்க மாட்டேன் மேடம்."

வெட்டின கருவேல முள்ளையே இழுத்துட்டு வந்து, கரை மேல யாரும் போக முடியாதபடி வேலி கட்டிட்டுப் போனார். அந்தக் கரை இன்னும் அப்படியேதான் இருக்கு.

இதோட நிறுத்திக்கலாம்னு பாத்தேன். முடியல.

போன வருஷம், பாபு அண்ணனும் இருந்த எங்க வாட்சப் குரூப்ல யாரோ ஒரு போட்டோ போட்டாங்க. ஆவடி தாண்டி வேற ஒரு குவாரியில பாபு அண்ணன் சவுடு தோண்டிட்டு இருக்கார்.

நான் அவருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணல. குரூப்லயே டைப் பண்ணேன்... "ஒரு கையால நட்டு இன்னொரு கையால தோண்டுறவங்க நமக்கு வேணுமா?"

எல்லாரும் கைதட்டற இமோஜி போட்டாங்க.

அவர்கிட்ட இருந்து ஒரே ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "ஓனர் அனுப்சா போய்தான் ஆவணும் மேடம். எனக்கு வேற வேல தெரியாது." அப்புறம் 'லெஃப்ட்'.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவர் குழிக்கு வரல.

ரெண்டு மாசம் முன்னாடி மண்ணூர்பேட்டையில இளநி கடைகிட்ட பாத்தேன். அவராதான் வந்து பேசினார்.

"நல்லா கீறீங்களா மேடம்? பஞ்சுருட்டான் வந்துச்சா இந்த வருஷம்?"

"ம்... வந்துச்சு."

"எத்தினி ஜோடி?"

காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிட்டேன்.

இன்னைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. செடி வைக்கிற இடத்துல பழக்கம்னு சொன்னதும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க.

"ஞாயித்துக்கெயம மேடமா நீங்க? உங்களப் பத்தி அவ்ளோ பேசுவாரு. போன வாரங்கூட 'குழிக்குப் போறேன், மேடமெல்லாம் காத்துகினு இருப்பாங்க'ன்னு சொல்லிட்டுதான் கெளம்புனாரு..."

அவர் எங்க குரூப்பை விட்டுப் போய் பத்து மாசம் ஆச்சு. அவங்களுக்கு அது தெரியாது.

அத்தனை ஞாயித்துக்கிழமையும் அவர் எங்க போனார்னு எனக்கும் தெரியாது.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எடுக்கிறாங்க. குரூப்ல இருக்கிறவங்க எல்லாரும் வாங்க, ப்ளீஸ்.

பாபு அண்ணே... மன்னிச்சிருங்கண்ணே.