சீட்டு உரிந்த இரண்டு கேசட்டுகள்

மத்தியானம் இரண்டு மணிக்கு டேப்ரிக்கார்டர் உறுமத் தொடங்கியது. அதுவரை ஒரு பெண்ணின் பேச்சு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அது மெல்ல ஆண் குரலாக மாறி, பிறகு மாடு கத்துவதுபோல் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது. மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் எட்டி ஸ்விட்சை அணைப்பதா, அப்படியே விடுவதா என்றுகூட எனக்குப் புரியவில்லை.

அப்போது நான் ஒரு ஆய்வு அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் பிரசவங்களையும் குழந்தைச் சாவுகளையும் பற்றிக் கணக்கெடுத்தோம். தாளும் பேனாவும் எடுத்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்பதால், வீட்டில் எதையும் எழுதக்கூடாது, கேசட்டில் மட்டும் பதிவு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு கேட்டுக்கேட்டு எழுத வேண்டும். எனக்குக் கைக்குழந்தை இருந்ததால் செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டிலேயே அந்த வேலையைச் செய்ய அனுமதித்து, டேப்ரிக்கார்டரையும் நாற்பது கேசட்டுகளையும் கொடுத்திருந்தார்கள். முப்பத்தெட்டை எழுதி முடித்திருந்தேன். மிச்சம் இரண்டு. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அன்று செவ்வாய்.

இரண்டு குழந்தைகளோ அதற்கு மேலோ இழந்த வீடுகளுக்கு மாதந்தோறும் நர்ஸ் போவார். அந்த வீடுகளின் பட்டியல் நாங்கள் எழுதுவதிலிருந்துதான் போகும்.

கெட்டது மெஷினா, கேசட்டா? கேசட் என்றால் ஒரு பெண் மனம் திறந்து சொன்னது போயிற்று. மெஷின் என்றால் அலுவலகச் சொத்து போயிற்று. இரண்டில் எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல், மற்றக் கேசட்டையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் உறுமியது. இரண்டும் ஒரே மாதிரி உறுமினால் கோளாறு மெஷினில்தான் என்று இன்று யாரும் சொல்வார்கள். எனக்கோ, இரண்டு கேசட்டுமே கெட்டுவிட்டன என்றுதான் தோன்றியது.

என் கணவர் வந்ததும் காட்டினேன். "வோல்டேஜ் கம்மியா இருந்தா எல்லாமே இப்படித்தான் இழுக்கும். கொஞ்ச நேரம் விட்டுப் போடு" என்றார். விட்டுப் போட்டேன். உறுமியது.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வாசற்படியில் நின்றே சொன்னார்: "கடலோரத்துல சுத்திகினு வந்த பொருளாச்சே. உப்பு ஏறியிருக்கும். எங்க வூட்டு ரேடியோவ நான் ஈரத்துணியாலதான் தொடைப்பேன். ஒண்ணும் ஆவல."

துடைத்தேன். மெஷினை மட்டுமல்ல, அந்த இரண்டு கேசட்டுகளையும் அழுத்தித் துடைத்து ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தேன். அலுவலகத்தில் பசை தீர்ந்துபோனதால், கேசட்டுகளின் மேல் நான் குடும்பத் தலைவர் பெயர் எழுதிய சீட்டுகளைச் சோற்றுப் பருக்கை தேய்த்துத்தான் ஒட்டியிருந்தேன். ஊறிய சோறு விட்டுக்கொடுத்தது. சீட்டு இரண்டும் தனியே சுருண்டு கிடந்தன. மை ஓடி, இரண்டும் நீலக் கறையாக இருந்தன.

பஸ் ஸ்டாண்ட் ரேடியோ கடை

மறுநாள் குழந்தையை இடுப்பிலும் மெஷினையும் இரண்டு கேசட்டுகளையும் பையிலும் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார்.

"இன்னாமா, உள்ள தண்ணி கீது? மெஷினக் குளிப்பாட்டினியா?"

"ஈரத்துணியால தொடைச்சேன்."

"எண்ணெய் தேய்க்கலியே, அது வரைக்கும் சந்தோசம்." ஒரு ரப்பர் வளையத்தை இழுத்துக் காட்டினார். அது தொங்கிப்போயிருந்தது. "பெல்ட்டு லூசு. அதான் மெதுவா சுத்துது. கேசட்டு நல்லாத்தான் கீது. பழைய பாட்டுக் கேசட்டு ஒண்ணு இருந்தா அத்தப் போட்டுப் பாத்திருக்கலாம்ல? நல்லதப் போட்டா பாக்கறது? டேப்பத் தின்னுட்டா இன்னா பண்ணுவ?"

புது பெல்ட் போட்டுக் கொடுத்தார். கேசட்டை ஓட்டினார். பெண் பெண்ணாகவே பேசினாள். எதுவும் போகவில்லை என்ற நிம்மதியில் வீடுவரை நடந்தே வந்தேன். உட்கார்ந்து இரண்டையும் முதலிலிருந்து போட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் குப்பத்தின் பெயரையும் குடும்பத் தலைவர் பெயரையும் நாங்கள் சொல்ல வேண்டும். என் கணவர் பெயர் ஏழுமலை. எழுதுவேன், வாயால் சொல்ல மாட்டேன். அந்தக் குப்பத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு ஏழுமலை. நான் கடைசியாகப் போன இரண்டு வீடுகளிலும் தலைவர் ஏழுமலைதான், தகப்பன் பெயர்தான் வேறு. அதனால் இரண்டு கேசட்டிலும் என் குரல் ஒன்றையே சொன்னது: "குடும்பத் தலைவர் பெயர் சீட்டில் உள்ளது."

அந்த மனைவிகளும் புருஷன் பெயரைச் சொல்பவர்கள் அல்ல; அவர்களுடைய பெயரைப் பதிவில் கேட்கும் வழக்கமும் எங்களுக்கு இல்லை.

ஒரு கேசட்டில் நாலு பிரசவம், ஒரு சாவு. இன்னொன்றில் மூன்று பிரசவம், இரண்டு சாவு. ஒன்று அஞ்சலை, ஒன்று கன்னியம்மா. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) எது யாருடையது? ஒரே சாயங்காலத்தில் இரண்டு வீட்டுக்கும் போனேன். அன்று என் மகளுக்குக் காய்ச்சல். காது அவர்களிடமும் நினைப்பு அவளிடமும் இருந்தது. இரண்டு முகமும் எனக்குக் கலந்தே நினைவுக்கு வந்தன.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன்.

"அட, ரெண்டும் ஒரே குப்பம்தானேம்மா? எத எதுல போட்டாலும் மொத்தம் மூணு சாவுதான வரும்? போட்டு அனுப்பு."

"நர்ஸ் வேற வீட்டுக்குப் போயிடுவாங்களே சார்."

"அப்ப போய்க் கேட்டுட்டு வா. வெள்ளிக்கிழமை மாறாது."

அவர் சொன்னதில் எது உத்தரவு, எது கிண்டல் என்று பஸ்ஸில் குப்பம் போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

மறுபடியும் குப்பத்தில்

என்ன கேட்பது? 'உங்களுக்குச் செத்தது ஒன்றா, இரண்டா?' என்று ஒரு தாயிடம் இரண்டாம் முறை கேட்க முடியுமா? கேசட்டைப் போட்டுக் காட்டி, "இது உங்கள் குரலா?" என்று கேட்கலாம். தப்பான கேசட்டாக இருந்தால், ஒருத்தியின் துக்கத்தை அடுத்த தெருக்காரி கேட்டுவிடுவாள். குப்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான்தான் சத்தியம் செய்திருந்தேன்.

அஞ்சலை வீட்டு வாசலில் நின்றேன். அவள் வலைக் கயிற்றை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். ஐந்து மாத வயிறு தெரிந்தது.

"வாம்மா. இன்னா, அந்தப் பொட்டிய மறுபடியும் தூக்கிகினு வந்துகீற?"

எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாளாக அந்தக் குரலைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு பிரசவம், ஒரு சாவு. ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, திரும்பிப் போகலாம். ஆனால் வந்ததற்கு என்ன காரணம் சொல்வது? முழித்தேன்.

"இன்னா முழிக்கிற? நான் சொன்னதத் தொலைச்சிட்டியா?"

"தொலைக்கலம்மா. யார் சொன்னதுன்னு தெரியாமப் போச்சு." காரணத்தையும் சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "நான் படிக்காதவ, எனக்குத்தான் வாய்ல வராது. நீ பொட்டியெல்லாம் வச்சிகினு கீற, உனக்கு இன்னா வந்துச்சு?" பிறகு, "அன்னிக்கு உங்க பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னியே, தேவலையா?"

அவள் என் குழந்தையை நினைவில் வைத்திருந்தாள். நான் அவளுடைய குழந்தைகளைக் கேசட்டிடம் விட்டுவிட்டேன்.

"தேவலை" என்றேன்.

தண்ணீர் கொடுத்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே உட்கார்ந்தாள். "அன்னிக்கு எங்க அத்த வாசல்ல குந்திகினு இருந்துச்சு. இன்னிக்கு மீன் விக்கப் போயிருச்சு. ஒண்ணு நான் சொல்லலம்மா. மொத மொத பொறந்தது. ஆறு நாளுதான் இருந்துச்சு. அது பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க." வலைக் கயிற்றை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "பேரு வைக்கல. பேரு வைக்காதது கணக்குல வருமா?"

"வரும்."

"அப்ப எழுதிக்கோ. பொட்டியப் போடாத."

விதிப்படி நான் எழுதக் கூடாது. பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன். ஐந்து பிரசவம், இரண்டு சாவு.

கன்னியம்மா வீட்டுக்கும் போய் அவள் குரலைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமை ஒப்படைத்தபோது சூப்பர்வைசர் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுன்னு கீது, நீ ரெண்டுன்னு எழுதியிருக்க. நான் எத நம்பறது?" என்றார். டிக்கெட்டைக் காட்டினேன். அதை ஆதாரமாக ஏற்க முடியுமா என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு வீடும் பட்டியலில் சேர்ந்தன.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. மெஷின் மக்கர் பண்ணினால் பழைய பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பாருங்கள். துடைக்காதீர்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், ஒரு நகலை நோட்டில் வையுங்கள். தலைவர் பெயரை, அது யார் பெயராக இருந்தாலும், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் கேசட்டைக் காப்பாற்றும். அதற்கு மேல் எனக்கே தெளிவில்லை. மெஷின் கெட்டிருக்காவிட்டால் நான் மறுபடி அங்கே போயிருக்க மாட்டேன். மற்ற முப்பத்தெட்டும் ஒரு கீறல் இல்லாமல் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. அன்றைக்கு யார் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவற்றில் எதிலும் பதிவாகவில்லை.