கரடிக்கு முன்னால் நின்றவர்

தொண்ணூறுகளில் கனடாவின் மொன்றியல் டவுன்டவுனில், ஓர் உணவகச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவர் அவர். தடித்த மீசை, எதற்கும் சிரிக்கத் தயாரான முகம். அங்கே வேலைக்கு வருவதற்கு முந்தைய கோடையில், பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வடதுருவப் பக்கம் உல்லாசப் பயணிகளை ஏற்றிப்போகும் கப்பலில் கோப்பை கழுவியிருக்கிறார். தேநீர் குடிக்கும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுப்பார். அதில் கப்பல் கம்பியில் சாய்ந்தபடி, சிவப்புக் குளிரங்கியில் அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். சுற்றிலும் வெண்பனி.

"இதிலை வெள்ளைக்கரடி நிக்குது," என்றார் முதல் நாள்.

"எங்கை அண்ணை?"

"எனக்குப் பின்னாலை. நான் மறைச்சுப்போட்டன்."

"நீங்களாவது வடிவாப் பாத்தனீங்களோ?"

"எங்கை பாத்தது? ஊருக்கு அனுப்பிற படத்திலை நான் இல்லாட்டி அம்மா ஏசுவா எண்டு கமராவைப் பாத்துக்கொண்டு நிண்டன். திரும்பேக்கை அது போயிட்டுது."

"அம்மா என்ன சொன்னவா?"

"மெலிஞ்சுபோனன் எண்டு எழுதினவா. வேறை ஒண்டுமில்லை."

படத்தை உள்ளே வைக்குமுன், அதிலிருக்கும் தன் உருவத்தைப் பெருவிரலால் மெல்ல ஓரமாகத் தள்ளிப் பார்ப்பார். அதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஒருநாளும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.