பேக்கரி வாசலில் பிசைந்த மாவு

வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மென்டில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்து ஆறேழு மாதம் ஆன பிறகும், நான் தேநீரை வகுப்பறையில்தான் குடித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியைகள் அறையில் நீளமாக ஒரு மேசை, அதைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மூன்று ஆங்கிலோ இந்திய ஆசிரியைகளுக்கும் இங்கிலாந்திலிருந்து வந்த தலைமை ஆசிரியைக்கும் அவை சரியாக இருந்தன. என்னை வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. ஆயா ஒரு கோப்பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். பிள்ளைகள் விளையாடப் போய்விட்ட அறையில், நானே எழுதிப்போட்ட கணக்கைப் பார்த்தபடி குடித்து முடிப்பேன்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த மேசையில் தின்பண்டம் இருக்கும். முறைவைத்து ஒவ்வொருவரும் வீட்டில் செய்து கொண்டுவருவார்கள். அன்றைக்குச் சிரிப்புச் சத்தம் தாழ்வாரம் தாண்டி வரும். எனக்கு அங்கே ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. இரக்கப்பட்டு இழுத்துப்போடும் நாற்காலி அல்ல. நான்கு பேர் முறையில் ஐந்தாவதாக என் முறையும் வரவேண்டும். ஒருநாள் நானே போய், எந்த வெள்ளிக்கிழமை என்னுடையது என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றார் மூத்த ஆசிரியை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"முறுக்கு கொண்டுவாருங்களேன். எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார் இளையவர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"ஸ்கோன் கொண்டுவருகிறேன்" என்றேன் நான். அவர்கள் தேநீரோடு தின்னும் சின்ன இனிப்பு ரொட்டி அது.

எனக்கு முறுக்கும் சுடத் தெரியாது. அம்மாவுக்கு வைட்ஃபீல்டில் ஒரு பங்களா சமையற்கட்டில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கிக் கொடுக்கும் வேலை. அப்பாவுக்கு அதே பங்களாவில் தோட்ட வேலை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். படித்துக்கொண்டிருந்த விடுதியிலிருந்து விடுமுறைக்குப் போனால், "அடுப்பாண்ட வராத. அந்தக் கையில கரி ஒட்டுச்சுன்னா நான் பட்ட பாடு எதுக்கு?" என்று அம்மா துரத்திவிடுவாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு இருவரும் சுவரோரம் நிற்பார்கள். கூட உட்காரச் சொன்னால், "நீ சாப்டு தாயி, நாங்க அப்பறம்" என்பார் அப்பா. எங்கே போனாலும் தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. பழகியதெல்லாம் பிடித்துவிடுவதில்லை.

நான் குடியிருந்தது ஜீவனஹள்ளியில், ஒரு தையற்காரர் வீட்டின் பின்னறையில். ஸ்கோன் செய்முறையை ஆசிரியைகள் அறையில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டேன். மைதா, வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் உலர்ந்த திராட்சை, சோடா, மோர். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. "லேசாகச் சேர்த்துப் பிடிக்கவும்" என்பதுகூடப் புரிந்ததாகத்தான் நினைத்தேன்.

மாவை முன்னே வைத்து உட்கார்ந்ததும், நம் வீடுகளில் சப்பாத்திக்குப் பிசைவதைப் பார்த்த ஞாபகம் மட்டும்தான் கைக்கு வந்தது. பிசையப் பிசைய நல்லது என்றுதானே எல்லோரும் சொல்வார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. தோள் வலிக்கும்வரை பிசைந்தேன். ஈரத்துணி போட்டு மூடி ஊறவைத்தேன். வீட்டுக்காரம்மா வாசற்படியில் நின்று பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஒண்டி ஆளுக்கு இம்மாம் மாவா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வராங்களா?"

"பள்ளிக்கூடத்துக்கு" என்றேன்.

"அங்க பாடம் சொல்லித்தராங்கன்னு இல்ல நெனச்சேன்."

எங்கள் பக்கத்தில் வீட்டில் ரொட்டி சுடும் அடுப்பு வைத்திருப்பவர்கள் யாரும் இல்லை. கிறிஸ்துமஸ் கேக் என்றாலும் தட்டில் ஊற்றி, தெருக்கோடி பேக்கரிக்கு எடுத்துப்போய், ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சியிருக்கும் சூட்டில் வேகவைத்து வாங்கிவருவார்கள். நானும் வட்டவட்டமாக வெட்டிய மாவைத் தட்டில் அடுக்கி, துணி போர்த்தி எடுத்துப்போனேன். எனக்கு முன்னால் பன் தட்டுகள் காத்திருந்தன. அவை உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் என் தட்டுக்கு இடம் கிடைத்தது.

வெளியே வந்தவை போட்டபடியே தட்டையாக இருந்தன. பேக்கரிக்கார பாய் ஒன்றை எடுத்துப் பலகையில் தட்டினார். டொக் என்றது.

"டீச்சரம்மா, இது ரொட்டியும் இல்ல, பிஸ்கோத்தும் இல்ல. இதுக்கு இன்னா பேரு?"

"ஸ்கோன்."

"அச்சா. ஜட்கா குதிரைக்குப் போட்டாக்கூட அது கொஞ்சம் யோசிக்கும்மா."

ரொட்டி வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வீட்டுக்காரம்மா ஒன்றைக் காப்பியில் நெடுநேரம் ஊறவைத்துத் தின்றுவிட்டு, "இனிப்பு நல்லாத்தான் கீது" என்றார். மற்றதை என் அறையில் நானே தின்று தீர்த்தேன். எறிய மனம் வரவில்லை. பல்லும் தாடையும் வலித்தன.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் மோரை ஊற்றி ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டுப் பார்த்தேன். சுர்ரென்று பொங்கியது. சிறிது நேரத்தில் அடங்கி வெறும் மோராகிவிட்டது. புளிப்பும் சோடாக் காரமும் சேர்ந்தால் வாயு கிளம்பும் என்று பயிற்சிப் பள்ளிப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். பன் தட்டுகளின் வரிசை நகர்வதற்குள் அந்த வாயு என் மாவிலிருந்து போய்விட்டிருந்தது. மிச்சமிருந்ததை என் பிசைதல் நெரித்துவிட்டது. அப்படியானால் மோர் ஊற்றிய உடனே மாவு அடுப்புக்குள் போகவேண்டும். மாவை அடுப்பின் பக்கத்தில்தான் கலக்கவேண்டும்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பேக்கரி தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். விடியற்காலையில் என் மாணவிகளின் அப்பாக்கள் அங்கேதான் ரொட்டி வாங்குவார்கள். இரண்டு நாள் அந்த வழியாகப் போய்விட்டு உள்ளே நுழையாமல் திரும்பினேன். பிறகு, ஆசிரியைகள் அறையில் சொன்ன சொல்லை விழுங்குவதைவிட இது மேல் என்று தோன்றியது.

என் முறை வந்த வெள்ளிக்கிழமை காலையில், வெண்ணெய் தேய்த்து உதிர்த்த மாவை ஒரு டப்பாவிலும் மோரைச் செம்பிலும் எடுத்துப்போனேன். வாசல் பலகையின் ஓரத்தில் இடம் கேட்டேன். பாய் பன் தட்டை நகர்த்தினார். பள்ளிக்குக் கட்டியிருந்த புடவையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, மோரை ஊற்றி விரல்நுனியால் நாலு புரட்டு புரட்டினேன். பிசுபிசுவென்று, ஒழுங்கில்லாமல், அரைகுறையாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பிசை என்று கை துடித்தது. அடக்கிக்கொண்டு, வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பின்னால் யாரோ, "டீச்சருங்களா அது?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன், திரும்பாமலே.

இந்தத் தடவை அவை எழும்பியிருந்தன. ஒன்றிரண்டு பக்கவாட்டில் வெடித்துச் சாய்ந்திருந்தன. பாய் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "இப்பவும் பேரு அதேதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தட்டை உள்ளே தள்ளப் போய்விட்டார்.

அன்றைய தேநீருக்கு ஆயா ஐந்தாவது நாற்காலியைப் போட்டாள். எல்லோரும் தின்றார்கள். இளையவர் இரண்டாவது எடுத்தார். எந்தச் சமையற்காரர் செய்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். பேக்கரி வாசலில் மாவு கலக்கிய கதையைச் சொன்னதும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சில நிமிடங்கள், பள்ளிக்கு வந்த நாளிலிருந்து நான் எட்டியிருந்து கேட்ட சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தலைமை ஆசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த மாதம் பள்ளியைப் பார்வையிடக் கமிட்டிப் பெண்மணிகள் வருகிறார்கள் அல்லவா? அன்றைக்கு இதையே நிறையச் செய்துவிடலாம். தன் பங்களாவில் நல்ல அடுப்பு இருக்கிறது. "நீங்கள் மத்தியானமே பின்பக்கமாக வந்துவிடுங்கள். சமையற்காரனிடம் சொல்லிவைக்கிறேன். உங்கள் வகுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். கூட்டத்தில் நீங்கள் உட்காரவேண்டும் என்றுகூட இல்லை." முகமெல்லாம் மகிழ்ச்சியாக, ஒரு பரிசைக் கொடுப்பதுபோல் சொன்னார்.

அம்மா இத்தனை வருடமாக நுழைந்து வெளியே வரும் கதவு எது என்று எனக்குத் தெரியும். கோப்பையைத் தட்டில் வைத்தேன்.

"அன்றைக்கு என் பிள்ளைகள் கமிட்டி முன்னால் வாய்ப்பாடு சொல்லப்போகிறார்கள். நான் அவர்களோடு நிற்கவேண்டும்" என்றேன்.

இளையவர் தன் கோப்பைக்குள் பார்த்தார். "ஆமாம், அதுவும் சரிதான்" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

கமிட்டி வந்தது. பதினாறாம் வாய்ப்பாடுவரை என் பிள்ளைகள் ஒரு பிழையில்லாமல் சொன்னார்கள். கடையில் வாங்கிய கேக்கை எல்லோரும் தின்றார்கள்.

ஐந்தாவது நாற்காலியை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் போய் உட்காருகிறேன். எனக்குத் தெரியாத வீட்டுக் கல்யாணங்களைப் பற்றியும், நான் போகாத நடன விருந்துகளைப் பற்றியும் பேசுவார்கள். சர்க்கரை வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டும் என்பேன். என் முறை வந்தால் விடியற்காலையில் மாவு டப்பாவோடு கிளம்பிவிடுவேன். இப்போது நன்றாகவே வருகிறது. "நன்றாக இருக்கிறது" என்று ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது யாரும் எடுப்பதில்லை. மணி அடித்ததும் மீந்ததைத் துணியில் முடிந்துகொண்டு வகுப்புக்குப் போகிறேன்.